தட்டிப் பார்த்து வாங்கும் படகு

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. அவசரத்தில் வார்த்தவையும் அவற்றில் உண்டு. பழைய படகை விற்பவர் முதலில் வயதைத்தான் சொல்வார். நான் அதைக் கடைசியில்தான் கேட்பேன்.

அமெரிக்கப் படகுகளில் 1972 முதல் பின்பக்கம் ஓர் அடையாள எண் பொறிக்கிறார்கள். இப்போது அதில் 12 எழுத்தும் இலக்கமும். கடைசி இரண்டு இலக்கம் எந்த ஆண்டு மாடல் என்று காட்டிவிடும். நம் படகில் எழுதியிருக்கும் பதிவு எண்ணிலிருந்து பதிவான பகுதியையும் வகையையும் அறியலாம்; வயதுக்குப் பதிவுச் சான்றைத்தான் கேட்க வேண்டும். சான்று இருந்தாலும், அது உடம்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

கண்ணாடியிழைப் பாயை ரெசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டியதுதான் படகின் உடம்பு. மேலே வழவழப்பான ஜெல்கோட். இவை நீரை முழுதாகத் தடுப்பதில்லை. மெல்ல ஊறும் நீர், உள்ளே கரையக்கூடியதைக் கரைக்கும். அந்தக் கரைசல் சவ்வூடு பரவலால் மேலும் நீரை இழுக்கும். அழுத்தம் ஏறி, அடிப்பக்கம் அம்மை போட்டதுபோல் கொப்புளிக்கும். ஒன்றைக் குத்தினால் வடியும் நீரில் வினிகர் வாடை அடிக்கும். நாள்தோறும் மணலில் ஏறிக் காயும் படகுக்கு இந்த நோய் குறைவு. துறைமுகத்து நீரிலேயே கிடப்பதற்கு அதிகம்.

அடுத்தது காது வேலை. சின்ன மரச்சுத்தியால் சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக்'கென்று கூர்மையாக ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடம் 'தொப்'பென்று மந்தமாகும். தேங்காய் தட்டி வாங்கத் தெரிந்தவருக்கு இது புரியும்.

அதிகம் ஏமாற்றுவது எஞ்சின் மாட்டும் பின்பலகை. பெரும்பாலும் உள்ளே பிளைவுட், வெளியே ஃபைபர். போல்ட் துளை வழியே நீர் இறங்கினால், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் மக்கிவிடும். அவுட்போர்டு எஞ்சினின் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பலகையும் சேர்ந்து அசைந்தால் விலை பேசாமல் திரும்பிவிடலாம். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் சீல் போய் நீர் புகுந்திருக்கிறது.

நட்சத்திரம்போல் விரிந்த கீறல், எங்கோ மோதிய தழும்பு. வரிவரியாக ஓடும் கீறல், உடம்பு வளைந்து வளைந்து தளர்ந்ததன் அடையாளம். புதுப் பெயின்ட் மணக்கும் படகை இன்னொரு முறை சுற்றி வருவேன்.

பிறகு, விற்பவர் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து, கரையில் படகு தள்ளுகிறவரிடம் ஒன்று கேளுங்கள்: "ஏண்ணே, இதை ஏத்த எத்தனை பேர் வேணும்?" மரத்திலும், உள்ளே அடைத்திருக்கும் நுரையிலும் நீர் ஊறிய படகு கனத்துப்போகும். அதைத் தோளால் அறிந்தவர் அவர்தான்.