30.5 அடி எங்கே போனது?

இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் இன்று 30.5 அடி என்று வைத்துக்கொள்வோம். குளக்கட்டில் ஓர் உணரி, அதன் பக்கத்தில் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி. உணரி சொல்லும் எண்ணைச் செய்நிரலின் ஒரு பகுதி வாங்கி, 36 அடி நிரம்ப இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்க்கும் மற்றப் பகுதியிடம் கொடுக்கவேண்டும். அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளோ, வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளோ ஒரு கிழமைக்குள் முடித்துவிடக்கூடிய வேலைதான். எழுதியதில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. ஆனாலும் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும்போது திரை முழுக்கப் பிழைச்செய்தி.

ஏன் என்று பார்க்க, கட்டும் வேலை எப்படி நடக்கிறது என்று தெரியவேண்டும். நாங்கள் எழுதுவதை இயந்திரத்துக்கு விளங்கும் எண்களாக்குவது கம்பைலர், தமிழில் தொகுப்பான். அது ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே மாற்றும். பக்கத்துக் கோப்பு எப்படி மாற்றப்பட்டது என்று எட்டிப் பார்க்காது. மாற்றிய துண்டுகளைக் கடைசியில் ஒட்டுவது லிங்கர். கம்பைலருக்கு நாங்கள் சில தெரிவுகளையும் சொல்லி அனுப்புகிறோம்: எந்தச் சிப்புக்கு, 32 பிட்டா 64 பிட்டா, எண்களை எங்கே வைத்துக் கைமாற்றுவது. இரண்டு துண்டுகள் இரண்டு விதமான தெரிவுகளோடு மாற்றப்பட்டிருந்தால் தனியே பார்க்க இரண்டும் சரியாகவே இருக்கும். சேர்க்கப் போனால்தான் சண்டை.

எங்கள் 30.5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏஆர்எம் வகைச் சிப்புகளில் சிலவற்றில் தசம எண்களுக்கென்று தனிக் கணக்குப் பகுதி உண்டு. பழைய பலவற்றில் இல்லை. அது இல்லாத காலத்து வழக்கப்படி, தசம எண்ணையும் சிப்புக்குள் எண்களை வைக்கும் சாதாரணப் பதிவகத்திலேயே வைத்துக் கொடுப்பார்கள். இது சாஃப்ட் ஃப்ளோட். பின்னர் வந்த ஹார்ட் ஃப்ளோட் வழக்கப்படி, தசம எண்ணுக்கென்றே உள்ள பதிவகத்தில் வைத்துக் கொடுக்கவேண்டும். இரண்டும் கலந்தால், ஒருவர் நெல்மூட்டையை விறாந்தையில் இறக்கிவிட்டுப் போக, வீட்டுக்காரர் அதைக் குசினியில் தேடுவதுபோல. குசினியில் ஏற்கெனவே வேறொரு மூட்டை கிடந்தால் அதைத்தான் நெல் என்று தூக்குவார். நல்ல காலம், இந்த இடத்தில் லிங்கர் விழிப்பாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் கம்பைலர் ஒட்டிவிட்ட சீட்டைப் படித்து, இது தசமப் பதிவகத்தில் கொடுக்கிறது, மற்றது அப்படி இல்லை என்று சொல்லி வேலையை நிறுத்திவிடும்.

இந்தச் சின்ன வித்தியாசத்துக்காக ஒரு முழு இயங்குதளமே திரும்பக் கட்டப்பட்டது. 2012 பெப்ரவரியில் ராஸ்பெரி பை வெளிவந்தபோது டெபியன் லினக்ஸில் அதற்குச் சரியாகப் பொருந்தும் பதிப்பு இல்லை. சாஃப்ட் ஃப்ளோட் பதிப்பு ஓடும், ஆனால் தசமக் கணக்கில் மந்தம். ஹார்ட் ஃப்ளோட் பதிப்போ ஏஆர்எம் ஏழாம் பதிப்புச் சிப்புகளுக்கானது. ராஸ்பெரி பையில் இருந்தது ஆறாம் பதிப்பு. தசமக் கணக்குப் பகுதி இருந்தும் பயனில்லை. மைக் தொம்சன், பீற்றர் கிறீன் ஆகியோர் முன்னின்று 35,000க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகளைப் புதிய தெரிவுகளோடு திரும்பக் கம்பைல் செய்தார்கள். அதுதான் ராஸ்பியன்.

விண்டோஸில் வேறு விதமான தகராறு. கம்பைலரும் லிங்கரும் அடங்கிய விஷுவல் ஸ்டூடியோவில், 2010 பதிப்பு முதல் எல்என்கே 2038 என்றொரு பிழை எண் உண்டு. அது வரும் ஒரு சந்தர்ப்பம் இது: ஒரு துண்டு தனக்கு வேண்டிய அடிப்படை நூலகத்தை (ஏற்கெனவே எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பை) தன்னோடே கட்டிக்கொண்டு வருகிறது. மற்றது பொதுவில் உள்ளதைப் பாவிக்கிறது. சேர்த்துவிட்டால் நினைவகத்தைப் பங்கிடுவோர் இருவராகிவிடுவர். ஒரு சங்கக்கடையில் கடனுக்கு வாங்கியதை அடுத்த ஊர்ச் சங்கக்கடையில் கட்டப்போனால் அங்கே யாருடைய கொப்பியில் பதிவது? லிங்கர் மறுப்பது நியாயம்தான்.

என்னைக் கேட்டால், நிறுத்திவிடும் பிழைகள் நல்ல பிழைகள். பயப்படவேண்டியவை சத்தமில்லாதவை. அவற்றில் ஒன்று தமிழில் வேலை செய்பவர்களையே குறிவைத்ததுபோல் இருக்கும். எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்ற எழுத்து 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள். இன்டெல் மடிக்கணினியில் ஜிசிசி கம்பைலர் எழுத்துப் பைட்டைக் குறியுள்ள எண்ணாகக் கருதும்; அங்கே 224 என்பது கழித்தல் 32 ஆகிவிடும். ஏஆர்எம் லினக்ஸில் அதே கம்பைலருக்கு அது 224தான். ‘முதற் பைட் 224 ஆ’ என்று கேட்கும் ஒரே செய்நிரல் ராஸ்பெரி பையில் ஆம் என்னும், மடிக்கணினியில் இல்லை என்னும். எச்சரிக்கைகூட வராமல் போகலாம். கம்பைலரிடம் ஒரு தெரிவைச் சொன்னால் இரண்டு இடத்திலும் ஒரே பதில் வரும். சொல்லத் தெரியாதவர் தமிழ் எழுத்துருவைத் திட்டிக்கொண்டிருப்பார்.

பிழை வந்ததும் எழுதிய நிரலைக் கிண்டத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் முதல் வேலை. அதை விட்டுவிட்டு, திரையின் கடைசி வரியை அல்ல, முதற் பிழையைப் படிக்கவேண்டும். மற்றவை பெரும்பாலும் அதன் வால். பிறகு பழைய துண்டுகளை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டவேண்டும். நேற்றைய தெரிவில் மாற்றிய கோப்பு ஒன்று கோப்புறையில் தங்கிவிட்டதுதான் பல நேரம் காரணம். அப்போதும் சரிவராவிட்டால், ரீட்எல்ஃப் என்ற கருவியால் ஒவ்வொரு துண்டின் சீட்டையும் திறந்து பார்க்கலாம். எங்கள் குளக்கட்டுக் கருவியில் நண்பரின் பென் டிரைவில் வந்த நூலகம் ஒன்றுதான் சாஃப்ட் ஃப்ளோட்டாக இருக்கும். மூலநிரல் கையில் இருந்தால் ஒரு வரியும் திருத்தாமல், சரியான தெரிவோடு திரும்பக் கம்பைல் செய்தால் போதும். திரையில் 5.5 அடி மிச்சம் என்று வந்துவிடும்.