வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் – 4: ஐ7 ஸ்டிக்கரும் உள்ளே இருப்பதும்

சென்னை ரிச்சி தெருவில் வீட்டு உபயோகத்துக்கு மலிவாக ஒரு டெஸ்க்டாப் கேட்டுப் பாருங்கள், பேச்சு பிராசசரில்தான் ஆரம்பிக்கும். ஐ3 போதுமா, இன்னும் கொஞ்சம் போட்டால் ஐ5 வருமே என்று. பிள்ளைகள் பாடம் படிக்க, கரண்ட் பில் கட்ட, படம் பார்க்க, நாலு பக்கம் டைப் அடிக்க வாங்கும் பெட்டிக்கு இந்தப் பேச்சு தேவையே இல்லை என்பது என் கட்சி. கையில் காசு குறைவென்றால் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்பதை. அடுத்து, பிராசசர் எந்தத் தலைமுறை என்பதை.

ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே, சிதறிக் கிடக்கும் தகவல்துண்டுகளில் விநாடிக்குச் சுமார் நூறைத்தான் அதனால் எடுத்துத் தர முடியும். விண்டோஸ் எழும்போதும் குரோம் திறக்கும்போதும் கேட்கப்படுபவையோ ஆயிரக்கணக்கில். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே விநாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளைத் தந்துவிடும். ஐ7 ஆனாலும் தட்டு சுழன்று வரும்வரை சும்மா இருக்க வேண்டியதுதான். 256 ஜிபி எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் இந்த வேலைகளுக்குப் போதும். போட்டோக்களுக்கு இடம் பற்றாது என்பவர்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கை இரண்டாவதாக மாட்டிக்கொள்ளலாம்.

தலைமுறையைப் பார்க்காமல் பெயரை நம்பக் கூடாது என்பதற்கு 2017 ஒன்றே சாட்சி. அந்த ஆண்டின் தொடக்கத்தில் வந்த ஐ5-7400க்கும் அக்டோபரில் வந்த ஐ3-8100க்கும் தலா நான்கு கோர்தான்; உச்ச வேகத்தில் ஐ3தான் ஒரு நூல் முன்னால் (3.6 கிகாஹெர்ட்ஸ், ஐ5க்கு 3.5). விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாப்ட் ஏற்கும் இன்டெல் பட்டியல், சில விதிவிலக்குகள் போக, எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. நான்காம் தலைமுறை ஐ7 சல்லிசாகக் கிடைப்பது இதனால்தான். லினக்ஸ் பழகத் தயார் என்றால் அதையும் வாங்கலாம், மோசமில்லை.

ஆகவே என் தேர்வு, அலுவலகங்கள் மொத்தமாகக் கழித்துவிடும் எட்டாம் தலைமுறை ஆப்டிபிளெக்ஸ், எலீட்டெஸ்க், திங்க்சென்டர் வகைப் பெட்டிகள். பழசு உழைக்குமா என்பார்கள். முதலில் தேய்வது ஹார்ட் டிஸ்க்கும் ஃபேனும். முதலாவதை எப்படியும் மாற்றப்போகிறோம். இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. இவற்றின் எஸ்எம்பிஎஸ் பல மாடல்களில் தனி அளவு, எல்லாக் கடையிலும் கிடைக்காது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மாற்று எஸ்எம்பிஎஸ் கிடைக்குமா என்று கேட்டு, வாரண்டியை பில்லில் எழுதி வாங்குவதுதான் வழி. கரண்ட் போனால் லேப்டாப் தாங்குமே என்பதும் நியாயம்தான். யுபிஎஸ் விலையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். ஆனால் அதே விலைக்குக் கிடைக்கும் பழைய லேப்டாப்பில் பேட்டரிதான் முதலில் காலை வாரும்.

பணம் கொடுக்கும் முன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பிராசசரின் முழு எண், டிஸ்க்கின் வகை, ரேம் எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது என்பதெல்லாம் அங்கேயே இருக்கும்.