இரவிற் பறக்கும் ஈருயிர்கள்

நெடுந்தீவின் பெருக்கமரம் இரவிற் பூப்பது. அதன் தாயகமாகிய ஆபிரிக்காவில் அப்பூவுக்கு மகரந்தங் கொணர்வன பழந்தின்னி வௌவால்களும் நீண்ட உறிஞ்சுகுழலுடைய பெரிய அந்துப்பூச்சிகளுமாகும். இவ்விரு குலத்திலும் சில இனங்கள் இன்று அருகிவிட்டன.

ஹவாய்த் தீவுகளின் பிளக்பேர்ண் அந்துப்பூச்சி, அழிந்ததென எண்ணப்பட்டு, 1984இல் மாயித் தீவில் மீண்டும் காணப்பட்டது. 1948இல் தமிழ்நாட்டு மேகமலையிற் பிடிக்கப்பட்ட சலீம் அலி வௌவால், புதிய இனமென 1972இலேயே அறியப்பட்டது. முன்னதன் புழு கத்தரி, தக்காளி, புகையிலை இலைகளையும் உண்ணும். பின்னது அத்தி முதலிய கனிகளை உண்ணும். இரண்டும் சிறு நிலப்பரப்பில் வாழ்வனவாதலின், வாழிடம் அழியின் இனமும் அழியும்.

தீவகமும் சிறு நிலமே. கமக்காரர்கள் வௌவால் தங்கும் மரங்களைத் தறியாது, பழங்களைப் பையிட்டு மூடிக் காத்தல் நன்று. தோட்டத்திற் புழுக்கள் சிலவாயின் கையாற் பொறுக்குக. பூக்கும் வேளையில் நஞ்சு தெளித்தலைத் தவிர்க்குக.