புகை வந்தா காற்று எங்கே மாட்டியிருக்கு?

ரெண்டு டின் வச்சு வீட்லயே செஞ்ச மரவாயு அடுப்பு புகையுதா? உடனே ஃபேன் வாங்க ஓடாதீங்க. அந்தப் புகையிலதான் உங்க எரிபொருள் இருக்கு. எரியாம தப்பிச்சுப் போகுது.

இதுக்குக் காற்று ரெண்டு வழியா போகணும். அடியில நுழையும் காற்று விறகிலிருந்து வாயுவை வெளியே கொண்டுவரும். டின்களுக்கு நடுவுல சூடாகி, மேல் ஓட்டை வழியா வரும் காற்று அந்த வாயுவை எரிக்கும்.

அடுப்பு எரியும்போது, கீழ் ஓட்டைக்கிட்ட ஒரு ஊதுபத்தியைப் பிடிங்க. புகை உள்ளே போகலையா? சாம்பல் அடைச்சிருக்கலாம், இல்லன்னா மரத்தூள் நெருக்கமா இருக்கும். உள்ளே போகுது, ஆனா மேலே தீ நிக்கலையா? விறகு மேல் ஓட்டைகளை மறைக்குதான்னு பாருங்க. அதுக்குக் கீழேயே நிக்கணும். தீ ரொம்ப உயரமா சீறுதா? கீழ் ஓட்டைகள்ல சிலதை மூடுங்க. எல்லாம் சரி, இன்னும் வெள்ளைப் புகையா? விறகு ஈரம். 20 சதவீதத்துக்குக் கீழே காயணும்.

ஒண்ணு மறக்காதீங்க: புகை நின்னா ஆபத்து நின்னதா அர்த்தமில்லை. கடைசியில மிஞ்சும் கனல்கூட கார்பன் மோனாக்சைடை விடும். அதுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால திறந்தவெளியில மட்டும் பத்தவைங்க. முழுசா அணைஞ்சு ஆறின பிறகுதான் வீட்டுக்குள்ளே.