வெயிலும் ஏட்டுப் பிழையும்

சித்திரை மாதத்து நடுப்பகலில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சாலை வழியே நடந்தவர்களுக்கு, வெயிலின் உக்கிரத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் கரிய மேனி உழவர் காட்டில் குனிந்து வேலை செய்கிறார். ராஜபாளையத்து வெள்ளை நாயோ திண்ணையோரம் நிழல் தேடிப் படுத்திருக்கிறது. 2005-ல் இந்தியத் தபால் இலாகா தபால் தலை வெளியிட்டுக் கௌரவித்த சுதேசி ஜாதி அது. வெண்மையான உடல்; ரோஜா நிறத்து மூக்கு. இருவர் மீதும் ஒரே வெயில்தான் காய்கிறது. ஆனால் விளையும் தீங்கு ஒரே அளவானதல்ல. காரணம் என்ன?

சூரிய ஒளியில் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கிரணங்கள் உண்டு. நம் சருமத்தின் உயிரணுக்களில் டி.என்.ஏ. என்னும் ஏடு இருக்கிறது. நான்கே எழுத்துக்களால் ஆன ஏடு. அக்கிரணங்கள் தாக்கும்போது, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் தைமின், ஸைட்டோஸின் என்ற எழுத்துக்களில் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்கின்றன. இப்படிப்பட்ட பழுதுகளில் பெரும்பாலானவற்றை உயிரணுவே வெட்டி எடுத்துச் செப்பனிட்டு விடுகிறது. பழுது பார்க்கும் இத்தகைய முறைகளை ஆராய்ந்தமைக்காக லிண்டால், மாட்ரிச், ஸங்கார் ஆகிய மூவருக்கும் 2015-ல் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

சில பழுதுகள் தப்பி விடுகின்றன. அதற்குள் உயிரணு இரண்டாகப் பிரியும் காலம் வந்துவிட்டால், ஏடு முழுவதையும் பிரதி செய்தாக வேண்டும். செல் அரித்த ஓலைக்கு முன் அமர்ந்த எழுத்தரின் நிலைமைதான் அப்போது! கவனமுள்ள எழுத்தர், எழுத்து விளங்காத இடத்தில் எழுத்தாணியைக் கீழே வைத்து விடுவார். ஆனால் பாதிப் பிரதியோடு நின்றால் உயிரணு மடிந்து போகலாம். ஆகவே அவ்விடத்தில் வேறு எழுத்தர் வந்து அமர்கிறார். இவர் நிற்பதில்லை, தெரியாத எழுத்தை ஊகித்து எழுதி, மேலே செல்கிறார். உயிர் தப்புகிறது, பிழையும் புகுந்து விடுகிறது. பெரும்பாலும் ஸைட்டோஸின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் வந்து விடுகிறது. உயிரணுவின் வளர்ச்சியை அடக்கி வைக்கும் வாக்கியத்திலே அப்பிழை நேர்ந்தால், பல ஆண்டுகளுக்குப் பின் அதுவே புற்றுநோய்க்கு வித்தாகலாம்.

ஊகிப்பவர்களிலும் கெட்டிக்காரர் ஒருவர் உண்டு. ஒட்டிய தைமின்களுக்கு எதிரே சரியான எழுத்துக்களையே பெரும்பாலும் எழுதும் அந்த நொதியை, 1999-ல் சத்ய பிரகாஷ், லூயிஸ் பிரகாஷ் ஆகியோரின் குழுவினர் ஈஸ்ட்டில் கண்டு கூறினர். அதே ஆண்டில் ஜப்பானியரான ஹனோக்காவின் குழுவினர், மனிதரிடத்தில் அந்நொதி குறைந்தால் இளமையிலேயே சருமப் புற்றுநோய் வருவதற்கு இடமுண்டு என்பதை விளக்கினர். கெட்டிக்காரர் இல்லாத இடத்தில் அரைகுறைகள் எழுதினால் வேறென்ன ஆகும்?

பிழை திருத்துவதை விட, ஏட்டில் செல் ஏறாமல் காப்பதே மேல் அல்லவா? அக்காவலைச் செய்வதுதான் மெலனின் என்னும் கருமைப் பொருள். உயிரணுவின் ஏட்டுக்கு மேலே அது குடை பிடிக்கிறது. உழவரின் மேனியில் அக்குடை விரிந்திருக்கிறது. வெள்ளை நாயின் மூக்கிலே அது இல்லை.

நம் வீடுகளில் பெண் குழந்தை கறுப்பாய்ப் பிறந்தால் முகம் சுளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கருமையைப் போக்குவதாகச் சொல்லும் களிம்புகளுக்குப் பணத்தை வாரி இறைக்கிறார்கள். இயற்கை தந்த குடையைக் கிழித்தெறியக் கூலி கொடுக்கும் பேதைமையை என்னவென்பது! பிறவியிலேயே அக்குடை இல்லாமல், உடல் முழுதும் வெளுத்துப் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. அது சாபமுமல்ல, பாவமுமல்ல. ஊரார் பேச்சுக்கு அஞ்சி அவர்களை அறைக்குள் ஒளிக்க வேண்டாம். முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி, துணிக் குடை, உச்சி வெயிலில் நிழல், வைத்தியரின் மேற்பார்வை இவற்றைக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

கறுத்த குழந்தையைக் கறுப்பென்று பழிக்காதிருப்பதும், வெளுத்த குழந்தைக்குக் குடை பிடிப்பதும் ஒரே அறிவின் இரு கிளைகளே.