தீவனத்தில் கலந்த கடைசி மருந்து

கோழிக்கடையில், கத்தி விழுந்து விழுந்து வரிவரியாய்ப் பிளந்த புளியங்கட்டையின் ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் இறைச்சி நீர் தேங்கி நிற்கிறது. குழம்பு நன்றாகக் கொதித்துவிட்டால் அந்நீரில் உள்ள கிருமிகள் மடிந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் அடுப்பேறுமுன் கறியைத் தொட்ட கையாலும், அதே கத்தியால் அரிந்த வெங்காயத்தாலும் அவை நம் குடலை அடையக்கூடும். அவற்றுள் சில, மருந்துக்கு அடங்காதவையாக இருப்பதே பெருங்கவலை.

இந்த வினை தீவனத்தில் தொடங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை வகித்த அமெரிக்க லெடர்லி ஆய்வுக்கூடத்திலிருந்து 1948இல் ஆரியோமைசின் என்னும் கிருமிக்கொல்லி அருமருந்து வெளிவந்தது. அதை வடித்தபின் எஞ்சிய சக்கையை அங்கேயே பணியாற்றிய ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்னும் இருவர் குஞ்சுகளுக்கு ஊட்டிப் பார்க்க, அவை வழக்கத்தினும் விரைவாக வளர்ந்தன. 1950இல் இச்செய்தி பரவியதும், நோயற்ற கோழிக்கும் மருந்து நித்திய ஆகாரமாயிற்று. சொற்ப அளவில் இடைவிடாது புகட்டப்படும் மருந்து கிருமிக் கூட்டத்தை அழிப்பதில்லை. பலவீனமானவற்றைக் களைந்து, தாங்கவல்லவை விருத்தியடைய இடம் பண்ணிக் கொடுக்கிறது.

கொலிஸ்டின் என்னும் மற்றொரு கிருமிக்கொல்லியின் கதை இன்னும் வேதனை தருவது. சிறுநீரகத்துக்குக் கேடு என்று வைத்தியர்களால் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டு, பிற மருந்துகள் பலிக்காத நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் இறுதிப் புகலிடமாக மீண்டும் கையிலெடுக்கப்பட்ட அந்த மருந்தையே, மறுபுறம் கோழிகள் கொழுப்பதற்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தனர். கிருமியின் புறச்சவ்வில் உள்ள எதிர்மின்னூட்டத்தைப் பற்றிக்கொண்டுதான் கொலிஸ்டின் அதைச் சிதைக்கிறது. சீனத்தில் பன்றிகளிலும் இறைச்சியிலும் கண்டறியப்பட்டு 2015இல் அறிவிக்கப்பட்ட எம்சிஆர்-1 என்னும் மரபணு, அம்மின்னூட்டத்தைக் குறைத்து மருந்தின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. பிளாஸ்மிட் என்னும் வளைய வடிவான தனி மரபிழையில் அமர்ந்திருப்பதால், அது ஒரு கிருமியிலிருந்து வேற்றினக் கிருமிக்கும் கைமாறவல்லது. சென்னையில் திரட்டிய உணவு மாதிரிகளிலும் கொலிஸ்டினுக்கு அடங்காத கிருமிகளை மருத்துவர் அப்துல் கஃபூர் குழுவினர் கண்டனர்.

2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொலிஸ்டின் தருவதைத் தடைசெய்தது. தாமதமாயினும் முற்றிலும் நியாயமான செயல். சீனா 2017இல் தீவனத்திலிருந்து அதை விலக்கிய சில ஆண்டுகளுக்குள், பன்றிகளிடத்தும் கோழிகளிடத்தும் அம்மரபணு வெகுவாகக் குறைந்ததை ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டனர். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லிலும், கறிக்கோழிக்குப் பேர்போன பல்லடத்திலும் அத்தகைய அளவீடு ஆண்டுதோறும் நடந்து, அதன் முடிவு கறி வாங்குகிற ஜனங்களின் கண்ணில் படுமாறு அச்சேற வேண்டும்.