கூட்டம் கலைந்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது?



நம் சமுதாயத்தில் கூட்டங்களுக்குக் குறைவில்லை. ஜமாஅத் நிர்வாகக் கூட்டம், அறக்கட்டளை ஆலோசனைக் கூட்டம், மதரஸா பெற்றோர் கூட்டம், நிவாரணப் பணிக்கான இளைஞர் கூட்டம் என்று மாதம் ஒன்றாவது நடந்துவிடுகிறது. ஆனால் இரண்டு மணி நேரம் பேசி, தேநீர் குடித்துக் கலைந்த பிறகு "என்ன முடிவாயிற்று?" என்று கேட்டால் வந்தவர்களே ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். மருத்துவ உதவி கேட்டு வந்த விண்ணப்பம் ஒன்று "அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போனால், நமக்கு அது ஒரு வரி. அந்த நோயாளிக்கு அது ஒரு மாதம்.

கிளியூர், ஏற்காடு போன்ற மலை ஊர்களில் இதன் கனம் இன்னும் கூடுதல். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் காலத்தில் ஒருவர் கூட்டத்துக்கு வருகிறார் என்றால் கூலியில் ஒரு பங்கை விட்டுவிட்டு வருகிறார். சேலத்திலிருந்து வருபவர் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்து, கடைசிப் பேருந்தைக் கணக்கிட்டே உட்கார்ந்திருப்பார். அவர்களுடைய நேரம் கூட்டம் கூட்டுபவரின் கையில் கொடுக்கப்பட்ட அமானிதம்.

பக்கத்து மாவட்டத்தில் தொடங்கிய பாடம்

நல்ல கூட்டம் நடத்தக் கற்றுக்கொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1989இல் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. பிறகு அது சேலம் உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் பரவி, மாநிலம் முழுவதற்குமான திட்டமாக வளர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலர் உறுப்பினர்களாக இருந்த குழுக்களுக்கு வங்கிகள் ஈடு கேட்காமல் கடன் கொடுக்க முன்வந்தன. கடன் கொடுக்குமுன் வங்கி எதைப் பார்த்தது? சேமிப்பை மட்டுமல்ல, குழு தவறாமல் கூடுகிறதா, எத்தனை பேர் வருகிறார்கள், தீர்மானப் புத்தகம் ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் பார்த்தது.

இந்தக் குழுக்களுக்கு ஐந்து விதிகள் உண்டு. முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், முறையான திருப்பிச் செலுத்துதல், முறையான கணக்கேடு. இவற்றில் முதலாவதாக நிற்பது கூட்டமே. பணமெல்லாம் எல்லோர் கண்முன்னும் எண்ணப்படும்; அங்கேயே எழுதப்படும். ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர் என்று பொறுப்பும் பிரிந்திருக்கும். பெரும்பாலும் 12 முதல் 20 பேர் வரைதான் உறுப்பினர்கள் என்பதால் ஒவ்வொருவரும் வாய் திறக்க இடம் கிடைக்கிறது. நம் ஊர்களில் பல வீடுகளில் இத்தகைய குழுவில் இருக்கும் தாய்மார்கள் உண்டு. கூட்டம் நடத்துவது எப்படி என்று நம் நிர்வாகிகள் அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கூட்டத்துக்கு முன்

முதல் கேள்வி, கூட்டம் தேவைதானா என்பது. தகவல் சொல்ல மட்டும் என்றால் தொழுகைக்குப் பின் ஓர் அறிவிப்போ, வாட்ஸ்அப் செய்தியோ போதும். சேர்ந்து முடிவெடுக்க வேண்டியது இருந்தால் மட்டும் கூட்டுவோம்.

அழைப்பில் "முக்கிய விஷயங்கள் பேசப்படும்" என்று எழுதினால் யாரும் தயாராக வரமாட்டார்கள். "ஜூன் மாதக் கல்வி உதவி யாருக்கு, எவ்வளவு?" என்று கேள்வியாகவே எழுதுங்கள். மூன்று பொருள்களுக்கு மேல் வேண்டாம். அவசரமானதை முதலில் வையுங்கள். வரவு செலவு வாசிப்பில் ஒரு மணி நேரம் போய்விட்டால், நோயாளியின் விண்ணப்பம் வரும்போது பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். கணக்கை முன்கூட்டியே ஒரு தாளில் கொடுத்துவிட்டால் கூட்டத்தில் சந்தேகம் கேட்டால் போதும்.

தொடங்கும் நேரத்தைப் போல முடியும் நேரத்தையும் அறிவியுங்கள். குறித்த நேரத்தில் தொடங்குங்கள். தாமதமாக வந்தவருக்காகக் காத்திருப்பது, நேரத்துக்கு வந்தவருக்கு நாம் விதிக்கும் அபராதம். பெண்களின் கருத்து வேண்டும் என்றால் அவர்கள் பிள்ளைகளோடு வந்து உட்காரக்கூடிய இடத்தையும் நேரத்தையும் அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

கூட்டத்தில்

திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்தின் பெயரே அஷ்ஷூரா, அதாவது கலந்தாலோசனை. ஹிஜ்ரி 5இல் மதீனாவைக் காக்க அகழ் தோண்டலாம் என்ற யோசனையைச் சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள். அரபு மண்ணில் பழக்கமில்லாத அந்த யோசனையை நபி (ஸல்) அவர்கள் ஏற்றுச் செயல்படுத்தினார்கள். ஊருக்குப் புதியவர், குலத்தின் பலம் இல்லாதவர் என்று அவர் ஒதுக்கப்படவில்லை. நம் மஷூராக்களில் அப்படி ஒருவர் பேச இடம் இருக்கிறதா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கு எளிய வழி உண்டு. மேடையும் வரிசையும் இல்லாமல் வட்டமாக உட்காருங்கள். வயதில் இளையவரிடமிருந்து கருத்துக் கேட்கத் தொடங்குங்கள். பெரியவர் முதலில் சொல்லிவிட்டால் மரியாதை கருதி மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். தலைமை தாங்குபவர் கடைசியில் பேசட்டும். ஒருவரே திரும்பத் திரும்பப் பேசினால், "நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டோம், பாய். இன்னும் பேசாதவர்கள் சொல்லட்டும்" என்று மரியாதையாகவே நிறுத்தலாம். பழைய மனக்கசப்பு தலைதூக்கினால் அதை அங்கே விசாரிக்காமல், இரண்டு பெரியவர்கள் தனியே பேசித் தீர்க்கட்டும்.

உதவி கேட்பவரின் மானம் முக்கியம். விண்ணப்பதாரரின் பெயரைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். விண்ணப்பம் 1, 2 என்று எண்ணிட்டு நிலைமையை மட்டும் சொல்லுங்கள். பெயரும் விவரமும் விசாரித்த இருவரிடம் இருந்தால் போதும்.

கூட்டத்துக்குப் பின்

"கல்வி உதவி குறித்து ஆவன செய்யப்படும்" என்று எழுதுவது தீர்மானம் ஆகாது. "பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பட்டியலை இன்ன இருவர் வீடு வீடாகச் சென்று எடுத்து, 10ஆம் தேதிக்குள் செயலாளரிடம் தருவது" என்று எழுதுங்கள். என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதி என்ற மூன்றும் இருக்க வேண்டும். கலையும் முன் அதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த கூட்டம் இந்தப் பக்கத்தைப் புரட்டியே தொடங்கட்டும். முடியாத வேலை இருந்தால் குற்றம் சாட்டாமல், என்ன தடை, யார் கைகொடுக்கலாம் என்று கேளுங்கள்.

கணக்கு ஒப்படைப்பது தமிழ் மண்ணில் பழைய வழக்கம். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதிகளைச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வர முடியாது. அந்தச் சபையில் எல்லா மக்களுக்கும் இடம் இருக்கவில்லை. ஆனாலும் கணக்கில் காட்டிய கண்டிப்பு நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஊரின் கூட்டத்துக்கும் செல்வோம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. குடிநீர், சாலை, தெருவிளக்கு பற்றிய நம் குறைகளை அங்கே பேசலாம். தீர்மானமாகப் பதியச் சொல்லவும் உரிமை உண்டு. குறைவெண் வரம்பு இருப்பதால் நாம் போகாமல் இருப்பதும் கூட்டத்தைப் பாதிக்கும். எந்தத் தெருவில் என்ன குறை, எத்தனை வீடுகளுக்குப் பாதிப்பு என்று எழுதி எடுத்துச் செல்வோம்.

இந்த இதழைப் படிக்கும் ஒவ்வொரு நிர்வாகியும் தங்கள் கடைசிக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பெயரும் தேதியும் இல்லாத தீர்மானங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக அவற்றையே வைத்தால், இன்ஷா அல்லாஹ், காத்திருக்கும் விண்ணப்பங்களில் சிலவாவது இந்த மாதமே நிறைவேறும்.